பட்டியல் போட்டவரும் சமைத்தவரும்

திருகோணமலைக் கொட்பேயில் வள்ளம் வைத்திருக்கும் அயல்வீட்டுத் தம்பி போன கிழமை பின்னேரம் எங்கள் விறாந்தைக்கு வந்தார். கையில் மகளின் பாடத் தெரிவுப் படிவம். மகள் 9ஆம் தரம். 10ஆம் தரத்துக்குப் போகுமுன் சாதாரண தரப் பாடங்களைத் தெரிந்தெடுத்துக் கொடுக்க வேண்டும். தேத்தண்ணி வரும்வரைகூட அவருக்குப் பொறுமை இல்லை.

"சேர், திரும்பின பக்கமெல்லாம் கடல் இருக்கிற ஊர் இது. இந்தப் படிவத்தில கடலைப் பற்றி ஒரு பாடமும் இல்லை. பாடத்திட்டமே பிழை. கனடாவில இருக்கிற தங்கச்சி, ஸ்கூல் போட்டில போய்ச் சொல்லு எண்டு சொல்றாள். சொல்லவா, பேசாமல் விடவா?"

கேள்வி ஒன்றுபோல் தெரிந்தாலும் அதற்குள் இரண்டு இருக்கின்றன. சொல்வதா விடுவதா என்பது ஒன்று, யாரிடம் என்பது மற்றது. பெற்றோர் பலர் முதலாவதிலேயே மாதக்கணக்கில் குழம்பிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். இரண்டாவதை முதலில் பார்த்துவிட்டால் முதலாவதில் பாதி தானாகவே தீர்ந்துபோகும். ஆகவே தேத்தண்ணி ஆறுவதற்குள் அங்கிருந்து தொடங்குவோம்.

தங்கச்சி சொல்லும் 'போட்' நம் நாட்டில் இல்லை. அமெரிக்காவில் பெரும்பாலான இடங்களில் ஊர்மக்கள் வாக்குப் போட்டுத் தெரிவுசெய்யும் கல்விச் சபை ஒன்று உண்டு. அதன் கூட்டத்துக்குப் போய்ப் பெயரைக் கொடுத்துவிட்டு, ஒலிவாங்கியின் முன்னால் சில நிமிடம் பேசலாம். கனடாவில் ரொறொன்ரோப் பக்கமும் அப்படியான சபைகள் உண்டு. நம்மவர்கள் போட்டியிட்டு வென்றும் இருக்கிறார்கள். ஆனால் தங்கச்சி கவனிக்காத ஒன்று இருக்கிறது. ரொறொன்ரோ இருக்கும் ஒன்ராறியோவில்கூடப் பாடத்திட்டத்தை எழுதுவது அந்தச் சபை அல்ல, மாகாணக் கல்வி அமைச்சு. சபையின் வேலை அதை நடத்திக் காட்டுவதுதான். ஆக, கடல் தாண்டினாலும் இந்தக் குழப்பம் கூடவே கப்பலேறிப் போய்விடுகிறது.

நம்மிடம் இருப்பது பாடசாலை அபிவிருத்திச் சங்கம். அதற்கு அதிபரே தலைவர். பெற்றோர், ஆசிரியர், பழைய மாணவர் அங்கத்தவர்கள். கூரை ஒழுகினால் பேசலாம், சிரமதானம் வைக்கலாம், விளையாட்டுப் போட்டிக்குப் பணம் சேர்க்கலாம். ஆனால் 9ஆம் தரப் புத்தகத்தில் ஒரு வரியை மாற்ற அந்தச் சங்கத்தால் முடியாது, அதிபராலும் முடியாது. கூட்டத்தில் எழுந்து நின்று "பாடத்திட்டத்தை மாற்றுங்கள்" என்று அதிபரைப் பார்த்துச் சத்தம் போடும் தகப்பனைக் கண்டால் எனக்கு இருவர்மீதும் பரிதாபம் வரும்.

அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதற்கு என்னிடம் ஓர் ஊகம் உண்டு. நம் தாத்தாமார் காலத்தில் பள்ளிக்கூடங்களுக்கு 'மனேஜர்' இருந்தார்கள். பாதிரிமார், இராமகிருஷ்ண மிஷன் சாமிமார், சைவப் பெரியவர்கள் என்று ஆளுக்கொரு பள்ளிக்கூடம். திருகோணமலை இந்துக் கல்லூரியை விபுலாநந்த அடிகள் நடத்திய காலத்தில், குறை இருந்தால் நேரே போய் அவரிடமே சொல்லலாம். 1960, 1961 ஆண்டுகளின் சட்டங்களால் அரசு அந்த உதவிபெறும் பள்ளிக்கூடங்களைப் பொறுப்பேற்றது. மனேஜர் போய்விட்டார். மனேஜரிடம் சொன்னால் நடக்கும் என்ற நினைப்பு மட்டும் வீட்டில் தங்கிவிட்டது.

இனி, பாடத்திட்டம் எது, மற்றவை எவை என்று எல்லோருக்கும் வரும் குழப்பத்துக்கு வருவோம். ஒரு கலியாண வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பந்தியில் என்னென்ன பரிமாறுவது என்று பெரியவர்கள் கூடிப் பட்டியல் போடுகிறார்கள். அந்தப் பட்டியல்தான் பாடத்திட்டம். எந்த வயதுப் பிள்ளை எதை, எந்த ஒழுங்கில், எவ்வளவு நேரம் படிக்க வேண்டும் என்ற தீர்மானம் அது. இலங்கையில் அதைப் போடுவது மகரகமவில் இருக்கும் தேசிய கல்வி நிறுவகம்; 1985ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது. பட்டியலைப் பார்த்து ஒவ்வொரு கறிக்கும் செய்முறை எழுதுவதுபோலத்தான் பாடநூல் வருகிறது. அதை எழுதுவித்து, அச்சடித்து, 1980 முதல் இலவசமாகக் கொடுத்துவருவது பத்தரமுல்லை இசுருபாயவில் உள்ள கல்வி வெளியீட்டுத் திணைக்களம். அடுப்படியில் நிற்பவர் ஆசிரியர். முதற்பந்தி யாருக்கு, எத்தனை மணிக்கு என்பது அதிபர் போடும் நேரசூசி. கடைசியில் வாசலில் நின்று "என்ன சாப்பிட்டாய், சொல்லு பார்ப்போம்" என்று கேட்பது பரீட்சைத் திணைக்களம்.

சாம்பாறில் உப்புக் கூடிப்போனால் நாம் என்ன செய்வோம்? பட்டியல் போட்ட பெரியவரைப் பிடித்துச் சண்டை போடமாட்டோம். பட்டியலில் 'சாம்பாறு' என்று மட்டும்தானே இருக்கிறது? அடுப்படிப் பக்கம் போய்ச் சமையற்காரரிடம் மெல்லச் சொல்வோம். கலியாண வீட்டில் இவ்வளவு தெளிவாக இருக்கும் நாம், பிள்ளையின் படிப்பு என்றதும் எல்லாவற்றையும் 'பாடத்திட்டம்' என்ற ஒரே சொல்லில் போட்டுக் கட்டிவிடுகிறோம். புத்தகம் விளங்காவிட்டால் பாடத்திட்டம் பிழை. ரீச்சர் பாதியில் இடமாற்றம் பெற்றுப் போனால் பாடத்திட்டம் பிழை. வினாத்தாள் கடினமாக வந்தாலும் பாடத்திட்டம் பிழை. பட்டியல் போட்டவர் மகரகமவில் இருந்துகொண்டு இவ்வளவு பழியையும் கேட்காமலே சுமக்கிறார்.

தம்பியின் படிவத்தை இப்போது எடுத்துப் பார்ப்போம். சாதாரண தரத்தில் 9 பாடங்கள். சமயம், தாய்மொழி, ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு ஆகிய 6 பாடங்களும் எல்லோருக்கும் கட்டாயம். மற்ற 3 பாடங்களையும் மூன்று தொகுதிகளில் இருந்து, தொகுதிக்கு ஒன்றாகத் தெரிவு செய்ய வேண்டும். தொழினுட்பப் பாடங்கள் இருக்கும் தொகுதியில், விவசாயத்துக்குப் பக்கத்திலேயே, நீர்வாழ் உயிரின வளங்களைப் பற்றிய ஒரு பாடம் நாடு முழுவதற்குமான பாடத்திட்டத்தில் இருக்கிறது. மீன், இறால், வளர்ப்பு, பிடிப்பு, பதப்படுத்தல் எல்லாம் அதற்குள் வருகின்றன. பட்டியலில் கடல் இருக்கிறது, தம்பி. உங்கள் மகளின் பள்ளிக்கூடத்துப் பந்திக்குத்தான் அது வரவில்லை.

தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப ஏன் சேர் படிவத்தில இல்லை?" என்றார். ஒரு பள்ளிக்கூடம் படிவத்தில் போடுவது தன்னிடம் படிப்பிக்க ஆள் இருக்கும் பாடங்களை. ஆள் இல்லாத பாடத்தைப் போட்டால் பிள்ளை இரண்டு வருடம் வெறும் கொப்பியோடு இருக்கும். ஆகவே இது மகரகமவுக்குப் போகவேண்டிய கேள்வியே அல்ல. அந்தப் பாடத்துக்கு ஓர் ஆசிரியர் தேவை. இத்தனை பிள்ளைகள் விரும்புகிறார்கள். ஆளைத் தரமுடியுமா என்பதே கேள்வி. அதை அதிபரிடம் கேட்கலாம். அவர் வழியாக வலயக் கல்வி அலுவலகத்தில் கேட்கலாம். நம் மாவட்டத்தில் திருகோணமலை, திருகோணமலை வடக்கு, மூதூர், கிண்ணியா, கந்தளாய் என்று 5 வலயங்கள் இருக்கின்றன. இரவு மெயிலில் ஏறிக் கொழும்புக்குப் போகவேண்டிய வேலை என்று அவர் நினைத்திருந்தது, சைக்கிளில் போகக்கூடிய வேலையாகிவிட்டது.

புத்தகம் விளங்கவில்லை என்ற முறைப்பாடு வேறு வகை. நம் பிள்ளைகளின் கையில் உள்ள பாடநூல்களில் பல முதலில் சிங்களத்தில் எழுதப்பட்டு, பிறகு தமிழுக்கு வந்தவை. சில வசனங்கள் இங்கு வந்து சேருமுன்பே களைத்துப்போய்விடுகின்றன. எழுவாய் ஒரு கரையில், பயனிலை மறு கரையில். பிள்ளை அதை மூன்று முறை வாசித்துவிட்டுத் தனக்கு மூளை இல்லை என்று நினைத்துக்கொள்கிறது. உண்மையில் பிழைத்தது அந்த ஒரு வசனம். இதற்கு முகவரி புத்தகத்தின் முன்பக்கங்களிலேயே அச்சாகி இருக்கிறது. வெளியிட்ட திணைக்களம், எழுத்தாளர் குழு, பதிப்பாசிரியர் குழு, மொழிப் பதிப்பைப் பார்த்தவர் எல்லாம் அங்கே உண்டு. அந்தப் பக்கத்தை வாசித்த பெற்றோரை நான் எண்ணி ஒரு கை விரல்களில் அடக்கிவிடுவேன்.

மெய்யாகவே பட்டியலோடு சம்பந்தப்பட்ட குறையும் உண்டு, அதையும் மறைக்கக் கூடாது. நம் ஊர்ப் பிள்ளை தினமும் கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில் மான்கள் மேயும் கோட்டைக்குள்ளால் போகிறது. கோயிலை இடித்த போர்த்துக்கேயர் 1624இல் அந்தக் கோட்டையைக் கட்டினார்கள். பிறகு ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் எல்லோரும் இந்தத் துறைமுகத்துக்காக அடிபட்டார்கள். 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் இங்கே குண்டு போட்டன. 1957இல்தான் பிரித்தானியக் கடற்படை துறைமுகத்தைக் கையளித்தது. சீனக்குடாவில் காட்டுக்குள் நிற்கும் எண்ணெய்த் தாங்கிகளை ஏன் கட்டினார்கள் என்று கேட்டால் எத்தனை பிள்ளைகள் சொல்லும்? "எங்கள் ஊர் பாடத்தில் போதாது" என்று ஒரு பெற்றோர் நினைத்தால், அது உப்பைப் பற்றிய குறை அல்ல, பட்டியலைப் பற்றியது.

இதற்கு மகரகமவில் மட்டும்தான் கதவு என்று நினைப்போம். இல்லை. 1987இல் வந்த 13ஆவது திருத்தம் மாகாண சபைகளுக்குக் கொடுத்த அதிகாரங்களில் சிறியது ஒன்று கல்வி பற்றிய பின்னிணைப்பில் இருக்கிறது. தேசிய கல்வி நிறுவகத்தின் ஒப்புதலோடு, ஆரம்பப் பிரிவிலும் இடைநிலையின் சில பாடங்களிலும் உள்ளூருக்கு ஏற்ற மாற்றங்களை மாகாணம் செய்துகொள்ளலாம். கலியாணப் பட்டியலில் ஒரு கறியை 'ஊர் வழக்கப்படி' என்று விட்டுவைப்பது போல. கிழக்கு மாகாணத்தின் நிர்வாகத் தலைநகரம் நம் திருகோணமலைதான். மாகாணக் கல்வி அமைச்சும் திணைக்களமும் இங்கேயே இருக்கின்றன. மாகாண சபை 2017இல் காலம் முடிந்து கலைந்தபின் தேர்தல் நடக்கவில்லை என்பதும் உண்மை. எனவே நாம் வாக்குப் போட்டு அனுப்பிய ஓர் உறுப்பினர் அங்கே இல்லை. அதிகாரிகள் இருக்கிறார்கள், கோப்பு இருக்கிறது, கதவும் இருக்கிறது.

இடையில் ஒரு சின்னக் கணக்கு. நாட்டில் உள்ள பத்தாயிரம் வரையான அரச பாடசாலைகளில் சுமார் 400 மட்டுமே தேசிய பாடசாலைகள். அவை கொழும்பில் உள்ள கல்வி அமைச்சின் நேரடிக் கவனிப்பில் இருப்பவை. மற்றவை மாகாணத்தின் கீழ். உங்கள் பிள்ளையின் பள்ளிக்கூடம் எந்தப் பக்கம் என்று பெயர்ப்பலகையைப் பார்த்தே பெரும்பாலும் தெரிந்துகொள்ளலாம். ஆசிரியர் வெற்றிடம் போன்ற காரியங்களில் கடிதம் எங்கே போய் நிற்கும் என்பது இதைப் பொறுத்தது.

சரி, சொன்னால் ஏதாவது நடக்குமா? தம்பியும் இதைத்தான் கேட்டார். பழைய உதாரணம் ஒன்று சொல்கிறேன். 1972இல் பாடத்திட்டத்தை அடியோடு மாற்றினார்கள். தொழில் முன்னிலைப் பாடங்கள் என்று ஒன்றைக் கொண்டுவந்து, அந்தந்த ஊர்த் தொழிலையே வகுப்பறைக்குள் எடுத்தார்கள். மீன்பிடி உள்ள ஊரில் மீன்பிடி, நெசவு உள்ள ஊரில் நெசவு. எனக்கு இன்றும் அது நல்ல யோசனையாகவே படுகிறது. ஆனால் பெற்றோர் பலர் "எங்கள் பிள்ளையைக் கரைவலை இழுக்கவா பள்ளிக்கூடம் அனுப்பினோம்?" என்று நினைத்தார்கள். 1977இல் ஆட்சி மாறியதும் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. இன்று வள்ளக்காரர் ஒருவர் என் விறாந்தையில் இருந்து கடல் பாடம் கேட்கிறார். காலம் இப்படியும் ஒரு சுற்றுச் சுற்றி வருகிறது.

கிட்டிய உதாரணமும் உண்டு. 6ஆம் தரத்துக்கு 2026இல் வரவிருந்த புதிய ஆங்கிலப் பாடத் தொகுதியில் பிள்ளைகள் பார்க்கக் கூடாத ஓர் இணையத்தளத்தின் முகவரி அச்சாகியிருப்பது 2025 டிசெம்பர் கடைசியில் வெளியே வந்தது. நாடே கொதித்தது. அந்தத் தரத்துக்கான சீர்திருத்தம் 2027க்குத் தள்ளிப்போனது. ஒரே ஒரு வரி! அது பட்டியலின் பிழை அல்ல, செய்முறைத் தாளில் வந்த பிழை. யாரோ ஒருவர் பக்கத்தைத் திறந்து, விரலை வைத்து, "இதைப் பாருங்கள்" என்று காட்டியதால் தெரியவந்தது. ஆனால் அதன் பிறகு எழுந்த சத்தத்தில், பிழையைத் திருத்துவதும் முழுச் சீர்திருத்தத்தையும் தூக்கி எறிவதும் ஒன்றாகக் கலந்துபோனதையும் பார்த்தோம்.

இனித்தான் சொல்வதா விடுவதா. அச்சுப் பிழை, தகவல் பிழை, விளங்காத மொழிபெயர்ப்பு என்றால் யோசிக்கவே வேண்டாம், எழுதுங்கள். யாருக்கும் அது பகையாகாது. படிப்பிக்கும் முறையில் குறை என்றால் முதலில் அந்த ஆசிரியரிடம், தனியே, பிள்ளை பக்கத்தில் இல்லாத நேரத்தில் பேசுங்கள். "பிள்ளையைப் பழிவாங்கிப் போடுவினமோ" என்ற பயம் நம் பெற்றோரிடம் உண்டு. வீணான பயம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் பயம் பலிப்பது பெரும்பாலும் கூட்டத்தில் நாலு பேருக்கு முன்னால் ஆசிரியரின் முகத்தை முறித்த பிறகுதான். பட்டியலைப் பற்றிய குறை என்றால் தனியே போவதில் பயன் குறைவு. பத்துப் பெற்றோர் சேர்ந்து எழுத வேண்டும். அதற்குப் பருவமும் உண்டு. நம் நாட்டில் பாடத்திட்டத்தை எட்டு ஆண்டுக்கு ஒருமுறை திருத்துவது வழக்கம். 1999, 2007, 2015 என்று வந்தது. எழுதிக்கொண்டிருக்கும்போது சொன்னால் கேட்பார்கள். அச்சாகி வந்தபின் சொன்னால் அடுத்த முறை என்பார்கள். இப்போது எழுதிக்கொண்டிருக்கும் காலம்.

விடவேண்டியவையும் இருக்கின்றன. மூன்று இனமும் ஒரே சந்தையில் மீன் வாங்கும் ஊர் இது. புத்தகத்தில் மற்றவரின் பெருநாளைப் பற்றி ஒரு பக்கம் இருக்கிறது, மற்றவரின் அரசனைப் பற்றி ஒரு படம் இருக்கிறது என்பதற்காக யாராவது கையொப்பம் கேட்டு வந்தால், நான் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுவேன். நம்முடையது குறைகிறது என்பது கேட்கவேண்டிய முறைப்பாடு. அவர்களுடையது இருக்கிறது என்பது முறைப்பாடே அல்ல.

எப்படி எழுதுவது என்பதை நான் பட்டுத்தான் படித்தேன். என் மகன் சின்னவனாக இருந்தபோது, வரலாற்றுப் புத்தகத்தில் ஒரு பாடத்தைப் பார்த்துக் கோபம் வந்து, அவனுடைய பள்ளிக்கூட அதிபருக்கு நாலு பக்கம் எழுதினேன். நானே ஆசிரியன், எனக்கே தெரியவில்லை. எந்தப் பக்கம், எந்த வரி என்று எங்கும் குறிப்பிடவில்லை. இனம், மொழி, அநீதி எல்லாம் இருந்தது. பதில் வரவில்லை. வருடங்கள் கழித்து அந்த அதிபரைக் கோயிலடியில் கண்டபோது அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "மாஸ்டர், உங்கட கடிதம் நல்ல தமிழ். ஆனா அதை வைச்சு நான் என்ன செய்யிறது?"

அவர் கேட்டது சரியான கேள்வி. நூலின் பெயர், தரம், பதிப்பு ஆண்டு, பக்கம், வரி, இப்போது இருப்பது இது, இப்படி இருக்கலாம். ஒரு தாளுக்கு மேல் வேண்டாம். தமிழிலேயே எழுதுங்கள், எந்த அரச திணைக்களத்துக்கும் தமிழில் எழுதித் தமிழில் பதில் பெறுவது நம் உரிமை. பதிவுத் தபாலில் அனுப்பித் துண்டைப் பத்திரப்படுத்துங்கள். மாதக்கணக்கில் சத்தம் இல்லையென்றால், 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் "என் கடிதத்துக்கு என்ன நடந்தது" என்று கேட்கலாம். தருவதா இல்லையா என்ற தீர்மானத்தை 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் சொல்லியாக வேண்டும்.

தம்பி இரண்டாவது தேத்தண்ணியையும் குடித்து முடித்தார். "அப்ப தங்கச்சிக்கு என்ன சொல்ல?" என்றார். அங்கே பாடத்திட்டம் எழுதுவது யார் என்று அவளிடமே கேட்கச் சொன்னேன். அதற்குப் பிறகு கொட்பேயிலும் அயலிலும் 9ஆம் தரத்தில் பிள்ளை உள்ள பெற்றோர் 11 பேரிடம் அவர் கையொப்பம் வாங்கிவிட்டார். கடிதம் ஒரு பக்கம்தான். திங்கட்கிழமை அதிபரிடம் கொடுக்கிறார்கள்; பிரதி வலயக் கல்விப் பணிப்பாளருக்கு. மகரகமவுக்கு ஒன்றும் போகவில்லை.